சோபக்ளீஸின் மற்ற நாடகங்கள் எங்கே போயின?

கேள்வி இதுதான்: "அலெக்சாந்திரியா நூலகம் எரியாமல் இருந்திருந்தால் பழைய கிரேக்க இலக்கியம் முழுவதும் நமக்குக் கிடைத்திருக்குமா? எவ்வளவு போயிற்று, இருப்பது எப்படித் தப்பியது, இனிமேல் ஏதாவது கிடைக்குமா?"

முதல் பகுதிக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: கிடைத்திருக்காது. மற்ற மூன்றுக்கும் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும்.

எவ்வளவு போயிற்று என்று முதலில் பார்ப்போம். சோபக்ளீஸ் 120-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுதாக இருப்பவை 7. எஸ்கிலஸ் எழுதியவை ஏறக்குறைய 80. இருப்பவை 7, அதில் ஒன்று அவருடையதுதானா என்று சந்தேகம். யூரிபிடீஸ் ஏறக்குறைய 90; அவர் பெயரில் இருப்பவை 19. அரிஸ்டோபனீஸின் 40-இல் 11. இவர்களாவது பரவாயில்லை. கிரிசிப்பஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதி 705 சுருள்கள் எழுதியதாகப் பழைய குறிப்பு இருக்கிறது. ஒன்றுகூட முழுதாக இல்லை. பெண் கவிஞர் சாப்போவின் பாடல்களை அலெக்சாந்திரியா அறிஞர்கள் பல சுருள்களாகத் தொகுத்து வைத்திருந்தார்கள். இன்று முழுப் பாடல் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. அதுவும், நல்ல சொற்சேர்க்கைக்கு உதாரணம் காட்ட ஒரு சொற்கலை ஆசிரியர் தன் நூலில் எடுத்துப் போட்டதால் தப்பியது.

சரி, நெருப்புக்கு வருவோம். கி.மு. 48-இல் ஜூலியஸ் சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ பரவி நூல்கள் எரிந்தன என்பது பழைய ஆசிரியர்கள் சொல்லும் செய்தி. ஆனால் அதற்குப் பிறகும் அலெக்சாந்திரியாவில் அறிஞர்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கி.பி. 391-ஐ ஒட்டி, நூலகத்தின் கிளை இருந்த செராபிஸ் கோயிலைக் கிறிஸ்தவர்கள் இடித்தார்கள். அப்போது அங்கே நூல்கள் மிச்சம் இருந்தனவா என்பதே சர்ச்சை. கலீஃபா உமரின் ஆணைப்படி சுவடிகளைக் குளியலறைகளுக்கு விறகாக்கினார்கள் என்ற கதையை முதலில் எழுதியவர்கள், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிந்தியவர்கள். அவரவர் தமக்குப் பிடிக்காத தரப்பின் மேல் பழியைப் போட வசதியாக மூன்று கதைகள்! வில்லன் இருந்தால் கதை சொல்வது சுலபம்.

எரியவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்தச் சுருள்கள் நம் கைக்கு வந்திருக்காது. பாப்பிரஸ் என்பது நைல் கரைக் கோரையைச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடித்துக் காயவைத்த தாள். வறண்ட மணலில் ஈராயிரம் ஆண்டு கிடக்கும். ஈரக் காற்றில், கைக்குக் கை மாறிப் புழங்கும் அலமாரியில், இருநூறு முந்நூறு ஆண்டு தாங்கினாலே அதிகம். அலெக்சாந்திரியா கழிமுகத்து ஊர், கடற்காற்று வேறு. அந்த மண்ணில் பாப்பிரஸ் ஏறக்குறைய தப்பியதே இல்லை. ஆக ஒரு நூல் வாழ வேண்டுமென்றால் அதை யாராவது மறுபடி மறுபடி படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இருநூறு ஆண்டு யாருக்கும் அது தேவைப்படவில்லையா, கதை முடிந்தது. கிரேக்க இலக்கியத்தின் பெரும்பகுதி அப்படித்தான் சத்தமில்லாமல் போயிற்று.

நெருப்பால் அழிவே இல்லை என்று சொல்லவில்லை. நெருப்பு எப்படி அழித்தது என்பதை ஒரு ஆளே நமக்கு எழுதி வைத்திருக்கிறார். கேலன், ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். அவர் தன் நூல்களையும் மருந்துகளையும் ரோமின் புனித வீதியை ஒட்டிய ஒரு பண்டசாலையில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். கதவைத் தவிர மரமே கிடையாது, பக்கத்தில் வீடுகள் இல்லை, படைக்காவல் உண்டு. அதனால் பத்திரம் என்று எல்லோரும் நம்பி அதிக வாடகை கொடுத்த இடம். (ரோமின் மிளகுக் கிடங்குகளும் அந்த வீதியில்தான் இருந்தன. அந்த மிளகு நம் பக்கத்துச் சரக்கு.) கி.பி. 192-இல், குளிர்காலத்தின் கடைசியில், தீ பிடித்தது. கேலன் தன் நூல்களை இரண்டிரண்டு படிகள் எடுக்க வைத்து, கோடையில் ஒன்றைக் கம்பானியாவுக்கும் ஒன்றை ஆசியாவிலிருந்த சொந்த ஊருக்கும் அனுப்பத் தயாராக வைத்திருந்தார். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். பழைய நகைச்சுவை நாடகங்களிலிருந்து சொல் சொல்லாகப் பொறுக்கி அவர் தொகுத்த அகராதி, ஊர் ஊராகத் தேடி வாங்கிய மருந்துக் குறிப்புகள் எல்லாம் போயின. துக்கப்படாமல் இருப்பது எப்படி என்று நண்பருக்கு நீண்ட கடிதமாக இதை எழுதினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதமே காணாமல் போயிருந்தது. 2005-இல், தெசலோனிக்கியில் உள்ள விலாட்டடோன் மடத்தில், முனைவர் பட்ட ஆய்வுக்காக கேலன் கைப்பிரதிகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு மாணவர் 15-ஆம் நூற்றாண்டுத் தொகுதி ஒன்றைப் புரட்டியபோது அது உள்ளே இருந்தது.

இத்தனை இழந்த கேலன்தான் இன்று நம்மிடம் மிக அதிகப் பக்கங்கள் மிஞ்சிய கிரேக்க ஆசிரியர்களில் முதல்வர். காரணம் எளிது. வைத்தியருக்கு அது தொழில் நூல். நாடகம் இல்லாமல் காய்ச்சலோடு இருக்கலாம், காய்ச்சலுக்கு மருந்து இல்லாமல் இருக்க முடியாது! கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் படியெடுத்தார்கள், சிரியாக் மொழியில் பெயர்த்தார்கள், பிறகு அரபியில். 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலனின் நிரூபணம் பற்றிய நூல் ஒன்றுக்காக மெசபட்டோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை அலைந்தார். கடைசியில் டமாஸ்கஸில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று அந்தப் பாதியும் இல்லை. ஆனால் அப்போலோனியஸ் எழுதிய கூம்பு வளைவுகள் பற்றிய கணித நூலின் 5, 6, 7-ஆம் பகுதிகள் கிரேக்கத்தில் அழிந்து, அரபியில் மட்டும் வாழ்கின்றன. மருத்துவம், கணிதம், வானியல், தத்துவம் என்று பாக்தாத் பொறுக்கி எடுத்தது. நாடகத்தையும் காதல் பாட்டையும் அங்கே யாரும் சீந்தவில்லை.

நூல்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்த இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்கும் 4-க்கும் இடையே சுருள் போய், தைத்த புத்தகம் வந்தது. இரண்டாவது, 9-ஆம் நூற்றாண்டில் எழுத்தே மாறியது. அதுவரை நூல்களை எழுதிய தனித்தனிக் கொட்டை எழுத்தை விட்டு, சின்னதாக, சேர்த்து எழுதும் வேகமான எழுத்துக்குக் கான்ஸ்டாண்டிநோபிள் மாறியது. மாற்றி எழுதும்போது எதை மாற்றுவது என்ற கேள்வி வரும். நம் வீட்டு கேசட்டுகளில் எதை எல்லாம் சிடிக்கு மாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றாததைப் பிறகு கேட்க ஆளில்லை, போட்டுக் கேட்க கருவியும் இல்லை.

மாற்றுவது சும்மா இல்லை, பணம். அரேதாஸ் என்ற குருமார் 895-இல் பிளேட்டோவின் உரையாடல்களைப் படியெடுக்கச் சொன்னார். எழுதியவர் ஜான். கணக்கு அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது: எழுத்துக்கூலி 13 பொற்காசு, தோலுக்கு 8 பொற்காசு, ஆக 21. அரண்மனையில் நல்ல பதவியில் இருந்தவருக்கே ஆண்டுச் சம்பளம் 72 பொற்காசு என்ற காலம் அது. ஒரு புத்தகத்துக்கு மூன்று மாதத்துக்கும் மேலான பெரிய மனிதர் சம்பளம்! தாள் என்று இருந்தது பதனிட்ட ஆட்டுத்தோல், ஒரு கனத்த புத்தகத்துக்கு ஒரு மந்தையே வேண்டும். அந்த பிளேட்டோ இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, "ஏன் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை" என்று அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

அப்படி என்றால் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பாலும் பள்ளிக்கூடம் தீர்மானித்தது. ஹோமரை எந்தப் பையனும் விட முடியாது, அதனால் ஹோமர் பத்திரம். எஸ்கிலஸ், சோபக்ளீஸ் இருவரிடமும் இன்று ஆளுக்கு ஏழு இருப்பதற்குக் காரணம் உரையோடு பாடமாக வைத்த தொகுப்பு. பாடத்திட்டத்தில் இல்லாதது அப்படியே மறைந்தது. சாப்போவைத் தேவாலயம் கொளுத்திவிட்டது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு நம்பத்தக்க பழைய சாட்சி கிடையாது. அவர் பாடியது லெஸ்போஸ் தீவின் வட்டார மொழியில். ஏதென்ஸ் நடையைப் பழக வந்த மாணவனுக்கு அதனால் மதிப்பெண் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் ட்ஸெட்ஸெஸ் என்ற வாத்தியார், சாப்போவைக் காலம் அழித்துவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டார். நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டர் கதையும் அதேதான். ரோம் காலத்தில் ஹோமருக்கு அடுத்தபடி ஜனங்களுக்குப் பிடித்தவர் அவர். ஆனால் அவருடைய கிரேக்கம் அசல் ஏதென்ஸ் கிரேக்கம் இல்லை என்று இலக்கண வாத்தியார்கள் மூக்கைச் சுளித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் படியெடுப்பது நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களில் ஒன்றுகூட இடைக்காலக் கைப்பிரதி வழியாக வரவில்லை.

தேர்வுக்கு வெளியே குருட்டு அதிர்ஷ்டமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் யூரிபிடீஸ். அவருடைய 19-இல் பத்து, பள்ளித் தொகுப்பு. மீதி ஒன்பதின் பெயர்களைப் பாருங்கள்: ஹெலன், எலெக்ட்ரா, ஹெராக்ளீஸ், ஹெராக்ளீஸின் மக்கள், சரண் புகுந்த பெண்கள், அயோன், இபிஜெனியா இரண்டு, சைக்ளோப்ஸ். கிரேக்கத்தில் இவற்றின் முதல் எழுத்துகள், நம் எழுத்தில் சொன்னால், எ, ஏ, இ, க. அதாவது அகரவரிசையில் அடுக்கிய முழுத் தொகுப்பு ஒன்று எங்கோ இருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு துண்டு மட்டும் யார் கையிலோ சிக்கியது. பெட்டிக்குச் சில சுருள்கள் என்று வைத்திருந்ததில் ஒன்றிரண்டு பெட்டிகள் தப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெசலோனிக்கியில் டிரிக்லினியஸ் என்ற அறிஞரின் வட்டத்தில் அதைப் படியெடுத்தார்கள். அந்தப் பிரதி இப்போது ஃபுளோரன்ஸில். யாரும் தேர்ந்தெடுக்காத நாடகங்கள் என்பதுதான் இதன் அருமை. யூரிபிடீஸ் சாதாரண நாளில் எப்படி எழுதினார் என்று காட்டுவது இந்த ஒன்பதும்தான். மற்ற எல்லோரிடமும் நாம் பார்ப்பது வாத்தியார்கள் பொறுக்கிய சிறந்தவை.

ஒற்றை இழையில் தொங்கித் தப்பியதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் செங்கடல் வழிப் பயணக் கையேடு, அதாவது 'பெரிப்ளஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி எழுதியது. முசிறியில் மிளகு, எந்தத் துறையில் என்ன சரக்கு விலைபோகும் என்பதெல்லாம் அதில் உண்டு. பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் யவனர் மரக்கலத்தை அகநானூறு கரையில் நின்று பார்க்கிறது. இவர் அந்த மரக்கலத்தின் மேலே நின்று எழுதுகிறார். ஆனால் நடை ஒன்றும் இலக்கியமில்லை, கணக்குப்பிள்ளை நடை. பள்ளிக்கூடம் இதைத் தொட்டிருக்காது. எப்படித் தப்பியது? கருங்கடல் பயணம் பற்றி எழுதிய அரியன் என்ற பெரிய ஆசிரியருடையது என்று தவறாக நினைத்து, 10-ஆம் நூற்றாண்டில் புவியியல் தொகுப்பு ஒன்றில் சேர்த்து எழுதிவிட்டார்கள். அந்த ஒரு புத்தகம்தான் மூலம். பிழை மலிந்த படி. லண்டனில் இருக்கும் இன்னொன்று அதன் நகல். மூலப்பிரதி ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் இருந்தது. முப்பதாண்டுப் போரில் ஊர் விழுந்ததும் 1623-இல் போப்பாண்டவருக்குப் பரிசாக ரோமுக்குப் போனது. நெப்போலியன் காலத்தில் பாரிஸ். 1816-இல் மறுபடி ஹைடல்பெர்க். பட்டினப்பாலைக் காலத்துத் துறைமுக வணிகம் பற்றி நாம் எழுதும் எந்தக் கட்டுரையும் இந்த ஊர்சுற்றிப் புத்தகத்துக்குக் கடன்பட்டது.

பேரழிவு என்று ஒரே ஒரு தேதியைக் கேட்டால், நான் அலெக்சாந்திரியாவைச் சொல்ல மாட்டேன், 1204-ஐச் சொல்வேன். 9-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதல்வர் ஃபோட்டியஸ், தான் படித்த சுமார் 280 நூல்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அவற்றில் ஏறக்குறைய பாதி இன்று இல்லை. அதாவது அலெக்சாந்திரியா மறைந்து பல நூற்றாண்டு கழித்தும் அவை ஒரு மனிதரின் கையில் இருந்தன. நான்காவது சிலுவைப் போர்க்காரர்கள் 1204-இல் அந்த நகரத்தைச் சூறையாடினார்கள். பேனாவும் மைக்கூடும் ஏந்திக்கொண்டு, எழுதப்படிக்கத் தெரிந்த ஜனங்களைக் கேலி செய்தபடி வீரர்கள் தெருவில் போனதை, நேரில் பார்த்த நிகெடாஸ் கோனியாடீஸ் எழுதியிருக்கிறார். 1453-இல் துருக்கியர் வந்தபோது கதை வேறு. அதற்குள் நிறைய நூல்கள் இத்தாலிக்குப் போய்விட்டன. 1423-இல் ஔரிஸ்பா என்ற ஒரே ஆள் 238 கிரேக்கக் கைப்பிரதிகளை வெனிஸுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

இனிமேல் கிடைக்குமா என்ற கடைசிக் கேள்விக்கு: கிடைத்துக்கொண்டே இருக்கிறது, பெரும்பாலும் குப்பையிலிருந்து. 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மழை இல்லாத, வெள்ளம் ஏறாத இடம். ஏறக்குறைய ஐந்து லட்சம் துண்டுகள் வந்தன. பெரும்பாலானவை வரி ரசீது, கடிதம், கணக்கு. நடுநடுவே சாப்போ, சோபக்ளீஸ். இந்தியக் கடற்கரையில் நடப்பதாக ஒரு கூத்து கூட வந்தது. அதில் அந்நாட்டு அரசன் பேசும் புரியாத வசனம் கன்னடம் என்று சிலர், துளு என்று சிலர், வெறும் உளறல் என்று சிலர். 1898 முதல் 80-க்கு மேற்பட்ட தொகுதிகள் அச்சாகிவிட்டன. இன்னும் துண்டுகள் பெட்டிகளில் காத்திருக்கின்றன.

அப்புறம் அரிஸ்டாட்டிலின் ஏதென்ஸ் அரசமைப்பு. 1891-இல் லண்டனில் வெளியானது. யாரோ ஒரு பண்ணைக் காரியஸ்தர் வரவு செலவு எழுதி முடித்த பழைய பாப்பிரஸின் பின்பக்கத்தில் அது எழுதப்பட்டிருந்தது. காகிதம் மிச்சம் பிடித்தவருக்கு நன்றி. மெனாண்டர் வந்த வழி இதைவிட விசேஷம். 1905-இல் எகிப்தின் கோம் இஷ்காவ் கிராமத்தில், 6-ஆம் நூற்றாண்டு வக்கீல் டியாஸ்கோரஸின் வீட்டு இடிபாட்டில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே அவருடைய பத்திரங்கள். அவை கெடாமல் இருக்க, கிழிந்த பழைய புத்தகத்தின் தாள்களை மேலே அடைத்து வைத்திருந்தார். அந்தத் தாள்கள்தான் மெனாண்டர். வக்கீலுக்கு முக்கியம் பத்திரம். முழுசாகவே ஒரு மெனாண்டர் நாடகம் 1958-இல் வெளியானது, பெயர் 'சிடுமூஞ்சி' என்று வைத்துக்கொள்ளலாம். கி.மு. 316-இல் முதல் பரிசு வாங்கிய நாடகம். ஆயிரக்கணக்கான ஆண்டு ஏங்கிவிட்டுப் படிக்கும்போது, இவ்வளவுதானா என்று இருக்கும். கெட்டிக்காரத்தனமான குடும்ப நகைச்சுவை, அவ்வளவே. இழந்ததெல்லாம் காவியம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

ஆர்க்கிமிடீஸை அழித்து எழுதிய ஜெபப் புத்தகத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1229-இல் தோல் தட்டுப்பாட்டில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே ஜெபங்களை எழுதினார்கள். 1906-இல் டேனிஷ் அறிஞர் ஹைபெர்க் அடியில் இருந்ததை அடையாளம் கண்டார். ஜெபப் புத்தகமாக ஆகாமல் இருந்திருந்தால் அந்தத் தோலைப் பத்திரமாக வைத்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது நிஜமாகவே எதிர்பார்க்கத்தக்கது இரண்டு. ஒன்று எகிப்து மண். 2022-இல் ஃபிலடெல்ஃபியா என்ற பழைய ஊரின் இடுகாட்டில் கிடைத்த பாப்பிரஸில் யூரிபிடீஸின் இரண்டு தொலைந்த நாடகங்களிலிருந்து நூறு வரிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, 2024-இல் வெளியிட்டார்கள். இரண்டாவது ஹெர்குலேனியம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய மாளிகை ஒன்றில், கரியாகிப்போன சுருள்கள் 1752 முதல் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பிரித்தால் பொடியாகும். நெருப்பு அழித்ததைத்தான் இதுவரை பேசினோம். இங்கே நெருப்பே காப்பாற்றி வைத்திருக்கிறது, கரியைப் புழு தின்னாது. சுருளைத் திறக்காமலே எக்ஸ்ரே எடுத்து, கணினியில் பிரித்து, மையின் சுவடைச் செயற்கை நுண்ணறிவை விட்டுத் தேடுகிறார்கள். 2023 அக்டோபரில் அறிவித்த முதல் சொல் 'ஊதா நிறம்' என்று பொருள்படுவது. 2024 பிப்ரவரியில் அதே சுருளிலிருந்து 15 பத்திகள் படித்த மூன்று மாணவர்களுக்கு ஏழு லட்சம் டாலர் பரிசு.

அதில் இருந்தது இன்பம் பற்றிய எபிக்யூரியத் தத்துவம், பெரும்பாலும் அந்த வழித் தத்துவவாதி ஃபிலோடெமஸ் எழுதியது. அந்த மாளிகையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஃபிலோடெமஸ்தான். நல்ல மனிதர், ஆனால் யாரும் இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கும் ஆசிரியர் இல்லை. மாளிகையின் கீழ்த்தளங்கள் இன்னும் முழுதாகத் தோண்டப்படவில்லை. அங்கே வேறு அலமாரி இருந்தால், என் பந்தயம் மெனாண்டர் மேல். ஆசை மட்டும் சாப்போ மேல்.